இருபத்திரண்டு பிடி உப்பு

வலது கை சாக்குக்குள் போனது, மூடிக்கொண்டு வெளியே வந்தது. கட்டைவிரல் மேலாக ஒருமுறை ஓடி, துருத்திக்கொண்டிருந்த நாலைந்து கற்களைச் சாக்குக்குள்ளேயே தட்டிவிட்டது. பிறகு கை, கஞ்சி கொதிக்கிற பெரிய தேக்சாவின் மேல் நீண்டு திறந்தது. மறுபடி சாக்கு, மறுபடி தேக்சா. இடது கை தன்பாட்டுக்கு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது பிடி முடிந்ததும் வலது கை நின்று, உள்ளங்கையை வெயிலில் விரித்தது. ரேகைகளில் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈர உப்பு. உதிர்ந்தால் காய்ந்த உப்பு. உதிர்ந்தது. கை வேலைக்குத் திரும்பியது.

"இருபத்திரண்டு," என்றார், பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தவர். "நானும் எண்ணிக்கினேதான் இருக்கேன் பாய். இப்ப ஒரு வாய் ருசி பாரு."

"நோன்பு அண்ணே."

"அப்ப உப்பு சரியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நம்புறேன்."

"அதான் உன் வியாதி," என்று டிரம்காரர் சந்தோஷமாகத் தொடையில் தட்டிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் முதல் நோன்பன்று இந்த இடத்தில்தான் அவர்களுடைய சண்டை தொடங்கும். பதினைந்து வருடமாகத் தேதி தவறியதில்லை.

உப்புப் போட்டவர் மொய்தீன் பிச்சை. கோட்டக்குப்பத்தில் பிறந்தவர், திண்டிவனத்தில் பெண் எடுத்துத் திண்டிவனத்துக்காரர் ஆனவர். வயது ஐம்பத்தேழு. வருடத்தில் பதினோரு மாதம் விழுப்புரம், வானூர், கண்டாச்சிபுரம் என்று எங்கே கல்யாணமோ அங்கே பிரியாணி. பன்னிரண்டாவது மாதம், வண்டிமேட்டுப் பள்ளிவாசலின் பின்கட்டில் அறுநூறு பேருக்கு நோன்புக் கஞ்சி. இருபது கிலோ அரிசி, அதற்குத் தக்க பாசிப்பருப்பு, கொத்துக்கறி, வெந்தயம், தேங்காய்ப்பால், இஞ்சிபூண்டு, பட்டை. மாலை ஐந்து மணிக்குத் தூக்கும் குடமும் வாளியுமாக ஊரே வரிசையில் நிற்கும். அதில் பாதிக்கு மேல் நோன்பு வைக்காத வீடுகள்.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கஞ்சி அடுப்பில் இருக்கும்போது அவர் ருசி பார்த்ததே இல்லை. சமைக்கிறவன் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்புக்குக் குறையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். மொய்தீன் பிச்சை கேட்டுக்கொண்டார், செய்யவில்லை. "சமையக்காரன் நாக்கு திருட்டு நாக்கு ஹஜ்ரத். துப்புறேன்னு சொல்லிட்டு முழுங்கிடும். அப்புறம் அல்லாவுக்கு நான் இன்னா கணக்கு சொல்றது?" என்றதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாக்கை நம்பாதவர் கையைப் பழக்கினார். இளம் வயதில் ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனி மெஸ்ஸில் நானூறு பேருக்குச் சமைத்தபோது, யாரும் சொல்லித் தராமல் அவரே கண்டுபிடித்த வழி அது. பிடி உப்பைத் தராசில் போடுவார். எண்பது கிராம். கொட்டிவிட்டு மறுபடி அள்ளுவார். எழுபது. ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் இதே வேலை. கூட இருந்த மலையாளிகள், இவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நாலு மாதம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாலும் எழுபத்தைந்து கிராம். ஒரு கிராம் முன்னே பின்னே.

ஒரே குறை, அந்தக் கைக்குச் சின்னக் கணக்கு தெரியாது. "நாலு பேருக்குச் சமைக்கச் சொன்னா கடல்தண்ணியக் கொண்டாந்து வெப்பாரு," என்பார் அவர் மனைவி குல்சும் பீவி. "என் ஊட்டுக்காரரு உப்பு சரியாப் போடணும்னா கொறஞ்சது நூறு பேரு வரணும்." வீட்டு அடுப்புப் பக்கம் அவரை விடுவதில்லை.

டிரம்மில் உட்கார்ந்திருந்தவர் அறிவுச்செல்வன். மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருடம் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு ரீடிங்கூடத் தப்பாக எழுதியதில்லை என்பது திண்டிவனம் ஒப்புக்கொண்ட விஷயம். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார். எழுதாததை நம்ப மாட்டார். கடவுள் அந்தப் பட்டியலில் முதலாவது. ஆனால் கஞ்சி என்றால் உயிர். மூன்றரைக்கே வந்து டிரம்மைக் கவிழ்த்துவிடுவார்.

"ஆதாரமே இல்லாம ஒண்ண நம்புறது அறிவுள்ளவன் செய்ற வேலையா பாய்? ரீடிங் பாக்காம நான் பில்லு போட்டா நீ ஒத்துப்பியா?"

"போட்டிருக்கீங்களே அண்ணே. ஊடு பூட்டிக் கெடந்தா இன்னா பண்ணுவீங்க?"

"டோர் லாக்னு எழுதிட்டு, முந்தின ரீடிங் கணக்குல போட்டுட்டு வருவோம்."

"ஆங்."

"இன்னா ஆங்? அடுத்த தடவ கதவு தொறந்ததும் சரி பண்ணிடுவோம் இல்ல."

"நானும் அதத்தான் சொல்றேன். இப்ப கதவு பூட்டிக் கெடக்கு. உள்ள ஆள் இல்லேன்றீங்க நீங்க, இருக்காருன்றேன் நான். ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கிறோம். தொறக்குறப்ப பாத்துக்கலாம்."

"நான் இல்லேன்னு எழுதல பாய். டோர் லாக்னு எழுதிட்டு நான்பாட்டுக்குப் போய்க்கினு இருக்கேன். நீதான் கதவுக்கு வெளிய நின்னுக்கினு தெனம் அஞ்சு வேள பேசினு இருக்க."

துடுப்பால் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த பிரான்சிஸ் சிரித்த சிரிப்பில் துடுப்பு நழுவியது. பிரான்சிஸ் பெருமுக்கல்லிலிருந்து சைக்கிளில் வருகிறவர். நாற்று, கட்டட வேலை, கிணறு தூர் எடுப்பது என்று கிடைத்ததைச் செய்வார். நோன்பு மாதத்தில் மட்டும் இந்தத் துடுப்பு அவருடையது.

"சரி பாய், ஒண்ணு கேக்குறேன்," என்று அறிவுச்செல்வன் விடாமல் முன்னால் சாய்ந்தார். "பாங்கு சொல்லி வாயில வெக்கிறப்ப உப்பு இல்லேன்னா?"

"ஊறுகா இருக்கு."

"கடைசியில கடவுளே இல்லேன்னு ஆயிட்டா? அதுக்கு இன்னா ஊறுகா?"

மொய்தீன் பிச்சை உப்புக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அப்பவும் அறுநூறு பேரு கஞ்சி குடிச்சிருப்பாங்க இல்ல?"

அறிவுச்செல்வனுக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனாலும் தூக்கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், மாலைப் பாங்குக்குப் பிறகு முதல் மிடறு இறங்கியதும் பள்ளிவாசல் முழுக்க எழுகிற அந்த 'ஹா' வழக்கம்போல எழுந்தது. உப்பு சரியாக இருந்தது.

மூன்றாம் நோன்பன்று ஷமீம் நோட்டோடு வந்தான். நோன்புக் கமிட்டிக்குப் புதுச் செயலாளர். துபாயில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவன். நல்லவன். அறுநூறு வயிற்றுக்குள் போகிற பொருளை அனுப்புவதற்கு முன் ஒருவர்கூட வாயில் வைத்துப் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் அவனுக்குக் கை கால் ஓடவில்லை.

"மாமா, அங்க ஒரு மணிக்கு ஒரு பிஸ்கட் எடுத்து தின்னு பாத்து கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருஷம். நீங்க இருபத்திரண்டு வருஷமா ஒரு தடவகூடப் பாக்கலியா?"

"கொறைன்னு யாராவது எதனா சொன்னாங்களா மாப்ள?"

"சொல்லல. சொல்றதுக்கு முன்னாடியே பாக்கறதுதான் சோதனை."

அதில் தப்பு சொல்ல முடியவில்லை. சமைத்தவர் பார்க்க மாட்டார் என்றால் வேறு யார்? காய் நறுக்குகிற இருவருக்கும் நோன்பு. பிரான்சிஸைப் பார்த்தான்.

"கஞ்சியில கறி இருக்கு தம்பி," என்றார் பிரான்சிஸ். "சாம்பல் புதன் போயிடுச்சு. எனக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கறி கெடையாது."

எதிரே டீக்கடை விருத்தாசலத்தைக் கூப்பிட்டார்கள். அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கயிறு. மேல்மலையனூர் மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார். "கவிச்சி வாசனைக்கே ரெண்டடி தள்ளி நிக்கிறேன் நானு."

ஷமீம் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் போனான். எல்லா வாயும் ஒவ்வொரு சாமிக்கு அடைபட்டிருந்தது. அப்போது டிரம்மின் மேலிருந்து ஒரு கை பள்ளிக்கூடத்தில் போல உயர்ந்தது.

"எனக்கு எந்த மாசமும் கெடையாது," என்றார் அறிவுச்செல்வன். "தெருவுலயே சும்மா இருக்கிற வாய் என்னுதுதான்."

அவருக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஒரு வழிபாட்டுத் தலம் அவரை அழைத்து, நம்புவதற்கு முன் சோதித்துச் சொல் என்று கேட்கிறது. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மூன்று முறை வாய் கொப்பளித்தார். ஸ்பூனை வெந்நீரில் கழுவச் சொன்னார். ஊதி ஆற்றி, கண்ணை மூடி, நாக்கின் இந்த ஓரம் அந்த ஓரம் என்று கஞ்சியை நடமாட விட்டு, கண் திறந்தார். முகம் சுருங்கியது.

"தூக்கல்."

"உப்பா?" என்றார் மொய்தீன் பிச்சை. "இருபத்திரண்டு பிடிதான் அண்ணே. நீங்களே எண்ணினீங்க."

"எண்ணினது எண்ணினதுதான். நாக்கு சொல்றது இது. நாலுல ஒரு பங்கு தூக்கல். எழுதிக்க தம்பி."

பாதிக் கஞ்சியை இன்னொரு அண்டாவுக்கு மாற்றி, இரண்டிலுமாக நாலு குடம் வெந்நீர் ஊற்றினார்கள். ஷமீமின் நோட்டில் முதல் கையெழுத்து விழுந்தது.

அன்று மாலை பாங்கு முடிந்தது. பேரீச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர், கஞ்சி. 'ஹா' வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துவையல் கிண்ணம் கைமாறியது, மறுபடி கைமாறியது. யாரோ ஒருவர் எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் விருத்தாசலம் கடைக்குப் போனார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். தொங்கிய ஊறுகாய்ப் பாக்கெட் சரம் ஐந்து நிமிடத்தில் வெறும் சணலாயிற்று.

கஞ்சி சப்பென்று இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஏன் என்பதற்குத்தான் ஆளுக்கொரு காரணம். ஆறினால் அரிசி உப்பை இழுத்துக்கொள்ளும் என்றான் ஷமீம். மரக்காணம் உப்புக்கு இப்போது காரமில்லை என்றார் ஒருவர். பாய்க்கு வயதாகிவிட்டது என்றார்கள் பலர். அறிவுச்செல்வனின் நாக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முப்பத்துமூன்று வருடம் ஒரு யூனிட் தப்பாக எழுதாத மனிதர்.

ஐந்தாம் நோன்புக்கு மறுபடி இருபத்திரண்டு பிடி, மறுபடி தூக்கல். "நேத்து தண்ணி அதிகம்" என்று மூன்று குடமே ஊற்றினார்கள். சப்பென்றிருந்தது. ஆறாம் நோன்புக்கு மொய்தீன் பிச்சைக்கே பயம் வந்து, வாழ்க்கையில் முதன்முறையாக இருபதோடு நிறுத்தினார். அறிவுச்செல்வன் ருசி பார்த்து, வருத்தத்தோடு, "கொறஞ்சிருக்கு பாய், ஆனா இன்னும் தூக்கல்தான்," என்றார். ஒரு குடம். அன்றும் ஊறுகாய்.

தொழுகை முடிந்து ஷமீம் வந்தான். முகம் பார்த்துப் பேசவில்லை. "மாமா, கமிட்டியில பேசிட்டாங்க. விழுப்புரத்துல ஒரு கேட்டரிங். ஸ்டீம்ல சமைச்சு வேன்ல கொண்டாந்து எறக்கிடுவாங்களாம். நாளைக்கு ஒரு நாள் நான் கேட்டு வாங்கியிருக்கேன். நாளைக்கும் இப்படின்னா எட்டாம் நோன்புலேர்ந்து அவங்கதான்."

மொய்தீன் பிச்சை தலையாட்டினார். நேராகத் தெருமுனைக் கோழிக்கடைக்குப் போய், ஒரு பை கல்உப்பை மேசையில் வைத்து, எலக்ட்ரானிக் தராசில் பிடி பிடியாகப் போட ஆரம்பித்தார். எழுபத்தைந்து. எழுபத்தைந்து. எழுபத்துநாலு. கோழி வாங்க வந்தவர்கள் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பத்தாவது பிடியும் எழுபத்தைந்து.

வீட்டில் குல்சும் பீவியிடம் கையை விரித்துக் காட்டினார். "கை சரியா இருக்கு புள்ள."

"அப்ப நாக்கப் பாக்கணும்."

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு."

"பொய் சொல்ல மாட்டாருன்னா? சரியாச் சொல்றாருன்னு ஆயிடுமா?" என்றார் குல்சும் பீவி, கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பை ஊற்றியபடி. "சாப்புடுங்க. நான் வெச்சது. உப்பு இருக்கும்."

அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிட்டது. ஆனால் காலையில் வேறு பிரச்சினை வந்தது. பழைய உப்புச் சாக்கு தீர்ந்திருந்தது. மரக்காணத்திலிருந்து வந்த புதுச் சாக்கைப் பிரித்தார். ஒரு சாக்கைப் போல இன்னொன்று இருக்காது. இந்த உப்பு உள்ளங்கையில் பாதி உதிர்ந்தது, பாதி ஒட்டியது.

ஏழாம் நோன்பு மாலை. வாசலில் வரிசை தெரு திரும்பிவிட்டது. நாளை முதல் வேன் வருமாம் என்ற செய்தி வரிசையை இன்னும் நீளமாக்கியிருந்தது. மூன்றரையிலிருந்து அறிவுச்செல்வன் டிரம்மில் உட்கார்ந்திருந்தார். கை சாக்குக்குள் போய் வந்தது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. கை இன்னொருமுறை உள்ளே போய், இருபத்துமூன்றாவது பிடியோடு தேக்சா மேலே நீண்டு, அப்படியே நின்றது. உள்ளங்கை லேசாகத் திறந்து மூடியது. பிறகு திரும்பி, உப்பைச் சாக்கிலேயே போட்டது. அறிவுச்செல்வன் அதைப் பார்த்தார்.

அவர் ஸ்பூனைக் கையில் எடுத்த நேரம், பின்வாசல் வழியாக அவர் மனைவி பொன்னி மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் ஒரு மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும்.

"ஏங்க, பிரஷர் மாத்திரய மறந்துட்டு ஜல்தி ஜல்தியா வந்துட்டீங்க. இன்னா அவசரம்?" என்றவர், மொய்தீன் பிச்சையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பாய், சொல்லணும்னு இருந்தேன். இந்த மூணு நாளா கஞ்சி எவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்க. எங்க ஊட்டு ருசிக்கே இருக்குது."

மூன்று நாளில் அந்தக் கஞ்சியைப் புகழ்ந்த முதல் ஆள். பின்கட்டில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"உப்பு போதுமா அண்ணி?" என்றார் மொய்தீன் பிச்சை மெதுவாக.

"கரெக்டா இருந்திச்சு. நான் தண்ணி கலக்கவே இல்ல."

"எதுக்கு அண்ணி தண்ணி கலப்பீங்க?"

பொன்னி கணவரை ஒருமுறை பார்த்தார். சொல்லலாமா என்ற யோசனை, சொல்லிவிடலாம் என்று முடிந்தது. "ஆறு வருஷத்துக்கு முன்னால பிரஷர்னு டாக்டர் உப்பக் கொறைக்கச் சொன்னாரு இல்ல. கொறைச்சேன்னு சொன்னா இவரு சாப்பிட மாட்டாருன்னு, கொஞ்சங் கொஞ்சமா, தெரியாமக் கொறைச்சிக்கினே வந்தேன். இப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகதான். வெளிய ஒரு பிஸ்கட் தின்னாக்கூட கரிக்குதுன்னு சொல்லுவாரு. உங்க கஞ்சியில வருஷா வருஷம் ரெண்டு சொம்பு வெந்நி ஊத்தித்தான் குடுப்பேன்."

ஸ்பூன் அறிவுச்செல்வனின் கையில் அந்தரத்தில் நின்றது.

"அப்ப ஆறு வருஷமா நான் குடிச்சது?"

"வெந்நி கலந்த கஞ்சிதான்."

"என்கிட்ட சொல்லல?"

"கேக்கல."

முதலில் பிரான்சிஸ். துடுப்பைப் பிடித்தபடி குனிந்து குலுங்கினார். காய் நறுக்குகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நோன்பு மயக்கத்தில் சிரிப்பு நிற்கவே மாட்டேன் என்றது. விருத்தாசலம் சத்தம் கேட்டு ஓடிவந்து, கவிச்சி வாசனையில் இரண்டடி தள்ளி நின்று, என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார். அறிவுச்செல்வன் மட்டும் டிரம்மில் உட்கார்ந்தார்.

"மீட்டர் ஓவரா ஓடியிருக்கு," என்றார் தனக்குத்தானே. "முப்பத்துமூணு வருஷம் ஊரான் மீட்டரப் பாத்தவன், சொந்த மீட்டர ஒரு நாளும் செக் பண்ணல. அறுநூறு பேருக்குத் தண்ணி ஊத்திட்டேன் பாய்."

"உடுங்க அண்ணே. பொண்டாட்டி ஊத்துன கஞ்சிய சோதன பண்ணிட்டா குடிப்பாங்க?"

"குடிக்க மாட்டாங்கதான்."

"அதத்தானே பதினஞ்சு வருஷமா நான் சொல்லிக்கினு இருக்கேன்."

அறிவுச்செல்வன் நிமிர்ந்தார். அந்த நிலையிலும் வாதத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. "அது வேற பாய். இவள எனக்குத் தெரியும். ஊட்டுக்குள்ள இருக்கா. கதவு தொறந்திருக்கு."

"தொறந்தும் ஆறு வருஷம் தெரியலியே," என்றார் பிரான்சிஸ். மறுபடி சிரிப்பு.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். வரிசையில் குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. ஷமீம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைத் துடைத்தான். "இப்ப யாரு பாக்கறது? கமிட்டிக்காரங்க நோட்டக் கேப்பாங்க."

அப்போது நடந்ததை அந்தப் பின்கட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மொய்தீன் பிச்சையின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்து, அவர் புதுச் சாக்கைப் பார்த்தார். "மாப்ள, ரோட்டுல போற யாரையாவது கூப்புடு. ஒரே ஒரு ஸ்பூன். உப்பு புதுசு. எனக்குக் கொஞ்சம் பேஜாரா இருக்கு."

"வேணாம்," என்றார் அறிவுச்செல்வன்.

"அண்ணே, நாளைக்கு வேன் வருது அண்ணே."

"வரட்டும். இவ்ளோ நாளு ருசி பாக்காத, நம்புன்னு சொன்னவன் நீ."

"இவ்ளோ நாளு பாரு பாருன்னு சொன்னது நீங்க."

"பாத்தேன். மூணு நாளு நான் பாத்தேன், தப்பு. இருபத்திரண்டு வருஷம் நீ பாக்கல, சரி. இது ரீடிங் இல்லாம வேற இன்னா? இருபத்துமூணாவது பிடிய நீ எடுத்துட்டு திரும்பப் போட்டதப் பாத்தேன். எதுக்குத் திரும்பப் போட்ட?"

"தெரியல. கை வேணாம்னுச்சு."

"போதும்." அவர் ஷமீமின் கையிலிருந்து நோட்டை வாங்கினார். 'ருசி பார்த்தவர்' என்ற கட்டத்தில் அவருடைய மூன்று கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. மூன்றையும் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'பிழை' என்று எழுதித் தேதி போட்டார். பொய்யாக எதையும் எழுதிப் பழக்கமில்லாதவர். நாலாவது கட்டத்தில், வீடு பூட்டியிருந்தால் அட்டையில் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார்: 'ருசி பார்க்கவில்லை. முந்தைய ரீடிங்படி சரி. அறிவுச்செல்வன்.'

ஷமீம் இரண்டு முறை படித்தான். ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு சோதனைச் சீட்டை அவன் பார்த்ததில்லை. வரிசையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "ஊத்துங்க மாமா," என்றான்.

முக்கால் மணி நேரம் அகப்பை ஓயவில்லை. குடம், வாளி, தூக்கு, குக்கர், ஒரு பூவாளிகூட வந்தது. ஒவ்வொரு பாத்திரம் தெருவில் இறங்கும்போதும் ஷமீமின் கண் அதன் பின்னாலேயே மூலை வரைக்கும் போய்த் திரும்பியது. சட்டைப்பையில் போன் அடித்தது. விழுப்புரம். எடுத்துப் பார்த்து, எடுக்காமல் வைத்தான். யாரும் வாயில் வைக்கவில்லை. நோன்பு இல்லாதவர்கள்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் குடிப்பார்கள்.

வரிசை தீர்ந்தது. கடைசியாக அறிவுச்செல்வன் தூக்கை நீட்டினார். மொய்தீன் பிச்சை தேக்சாவைச் சாய்த்து, கறியும் பருப்பும் தங்கிய அடிக்கஞ்சியாக இரண்டு அகப்பை ஊற்றினார். மூடப் போன கையை அறிவுச்செல்வன் தடுத்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது.

"இரு பாய். மீட்டர் ஓவரா ஓடினாலும், எவ்ளோ ஓவர்னு தெரிஞ்சா ரீடிங் எடுக்கலாம். கணக்குல கழிச்சிக்கினாப் போச்சு. இவ்ளோ நேரம் எனக்கு இது தோணவே இல்ல பாரு."

ஸ்பூனால் ஒரு வாய் எடுத்து ஊதினார். கண்ணை மூடினார். நாக்கின் இந்த ஓரம், அந்த ஓரம். அவருடைய முகம் மெல்ல மெல்ல, எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி சுருங்கியது.

"தூக்கல்," என்றார்.

"எவ்ளோ அண்ணே?" என்றார் மொய்தீன் பிச்சை.

"நாலுல ஒரு பங்கு. மொத நாளு ருசி பாத்தப்ப, தண்ணி ஊத்துறதுக்கு முன்னால சொன்னேன் பாரு, அதேதான். ஒரு புள்ளி ஏறல, ஒரு புள்ளி எறங்கல."

ஷமீம் நோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். பிரான்சிஸ் துடுப்பைத் தூக்கிப் பிடித்து, பெருமுக்கல் தேர்த் திருவிழாவில் கம்பு சுற்றுவதுபோல ஒரு வீச்சு வீசினார். மொய்தீன் பிச்சை மட்டும் ஆடவில்லை. மூடியை எடுத்து, ஆவி போகாமல் அழுத்தி மூடி, துணியால் தூக்கின் விளிம்பைச் சுற்றித் துடைத்தார். பிடியைத் திருப்பி, சூடு படாத பக்கமாக அறிவுச்செல்வனின் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்க அண்ணே. உங்க பங்குத் தண்ணிய உங்க ஊட்டுல ஊத்திக்குங்க."